சைலன்சர் தழும்பு

என் வலது கெண்டைக்காலின் உட்பக்கத்தில் நாவற்பழ அளவில் ஒரு தழும்பு இருக்கிறது. ஒன்பது வயதில் வாங்கியது. தம்மம்பட்டி பஸ் ஸ்டாண்டு அருகே சித்தப்பாவின் புல்லட்டிலிருந்து பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது சைலன்சரில் கால் பட்டது. அழக்கூட நேரமில்லாமல் தோல் வழன்றுவிட்டது. "பொட்டப்புள்ள பார்த்து எறங்க வேண்டாமா" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. சித்தி தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசினாள். பூசும்போது தன் காலையும் காட்டினாள். அவளுக்கு இரண்டு தழும்புகள்.

சென்ற ஆண்டு முதுகலை வகுப்பில் ஏதோ பேச்சுவாக்கில், "யாருக்கெல்லாம் சைலன்சர் சூடு வைத்த தழும்பு இருக்கிறது?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. அப்பாவின் வண்டி, அண்ணனின் வண்டி, மாமாவின் வண்டி. வண்டி ஓட்டிச் சுட்டுக்கொண்டவள் என்று ஒருத்திகூட இல்லை. எல்லாருமே பின்னால் உட்கார்ந்து, ஏறும்போதோ இறங்கும்போதோ வாங்கியவர்கள்.

பின்னால் உட்காரும் பெண்ணைச் சட்டத்துக்கும் தெரியும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கக் கட்டையும் வேண்டும் என்கிறது. அவரது உடை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும் வேண்டும் என்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்லும் கம்பி வலை அதுதான். விதியில் சேலை என்ற சொல் கிடையாது. ஆனால் அதை எழுதியவரின் கண்முன்னால் ஒரு சேலை நிச்சயம் பறந்திருக்கும். உடை சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொண்ட விதி, கால் குழாயில் படுவதை அங்கே நினைக்கவில்லை.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்தது, நாற்பது கடந்து என் சொந்த வண்டிக்கு சைலன்சர் மாற்ற வேண்டி வந்தபோது.

என்னுடையது ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர். 648 சிசி, இரண்டு சிலிண்டர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைலன்சர். எடை 200 கிலோவுக்கு மேல். வாங்கிய புதிதில் ஊரில் கேட்ட முதல் கேள்வி "யாருக்கு வாங்கியிருக்கீங்க?" என்பதுதான். இரண்டாவது கேள்வி மைலேஜ். இந்த வண்டியில் நான் கன்னியாகுமரி போயிருக்கிறேன், ஹம்பி போயிருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது கொல்லிமலை ஏறுவேன். காரவள்ளிப் பக்கம் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்களுக்குப் பக்கம் முள்ளுக்குறிச்சி வழி. அந்த வழியில்தான் ஒரு மழைநாளில், வளைவில் கிடந்த மண்ணில் சறுக்கி வலப்பக்கமாகச் சாய்ந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்கு வலது சைலன்சர் நசுங்கி, அதன் தையல் ஓரத்தில் விரிசல். சில மாதங்களில் அந்த விரிசலில் துருவும் ஏறியது. ஆக்சிலரேட்டரை விட்டால் பட் பட்டென்று வெடித்தது. மாற்றியே ஆகவேண்டும்.

சேலத்தில் ஒரு கடைக்குப் போனேன். துணைக்கு அண்ணன் மகன் வந்தான். வயது பத்தொன்பது, சைக்கிள் மட்டுமே ஓட்டத் தெரியும். கடைக்காரர் அவனைப் பார்த்து, "தம்பிக்கு எந்த மாதிரி சவுண்டு வேணும்? பேஸா வேணுமா, கரகரன்னு வேணுமா?" என்றார். அவன் என்னைக் காட்டினான். அவர் சிரித்துவிட்டு மறுபடி அவனிடமே பேசினார். மூன்றாவது கேள்விக்கும் நான்தான் பதில் சொன்னேன் என்பதைக் கண்டபிறகு, "மேடம் நல்லா தெரிஞ்சு வச்சிருக்கீங்களே" என்றார். பரீட்சையில் தேறிவிட்டேன்.

சைலன்சர்களுக்கு நம்மூரில் உள்ள பெயர்கள் தனி அகராதியாகும். லாங் பாட்டில், ஷார்ட் பாட்டில், பஞ்சாபி, இந்தோரி, டால்பின், மெகாபோன், கோல்ட்ஸ்டார். பழைய புல்லட்டுக்கு இவற்றை மாட்டிப் பழகியவர்கள் புதிய வண்டிகளுக்கும் அதே பெயர்களைச் சொல்கிறார்கள். 70 மி.மீ. அகலமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட பிஸ்டன் நிதானமாக ஏறி இறங்கிய அந்தப் பழைய 346 சிசி எஞ்சினின் டுபு டுபு சத்தத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு சமூகத் தகுதி இருந்தது. 1955இல் ரெட்டிச் நகரத்து கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி அது. போலீஸ்காரர், பண்ணையார், மிலிட்டரியிலிருந்து வந்தவர் என்று அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள். திண்ணையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த பெண்கள் காலை மடக்கிக்கொள்வார்கள். என் பாட்டி மடக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கோல்ட்ஸ்டார் என்ற பெயரில்தான் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. இங்கிலாந்தில் பிரூக்லண்ட்ஸ் என்ற பந்தயத் தடம் இருந்தது. அங்கே பந்தயத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஒரு சுற்றை முடித்த மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்குச் சின்னதாக ஒரு தங்க நட்சத்திரம் கொடுப்பார்கள். 1937இல் பி.எஸ்.ஏ. வண்டியில் வால் ஹேண்ட்லி அதை வாங்கினார். மறு வருடம் அந்தக் கம்பெனி தன் வண்டிக்கே கோல்ட் ஸ்டார் என்று பெயர் வைத்தது. அந்த வண்டியின் சைலன்சர் வடிவம் நகலாகி, நகலின் நகலாகி, நம்மூர் மெக்கானிக் கடையில் தொங்குகிறது. ஹேண்ட்லிக்கு மூன்று வருடம் முன்பே, 1934இல், அந்த நட்சத்திரத்தைப் பெண்கள் வாங்கியிருந்தார்கள். முதலில் ஃபுளோரன்ஸ் பிளென்கிரன். அதே வருடம் பியட்ரிஸ் ஷில்லிங். இவர் எஞ்சினியர். தன் நார்ட்டன் வண்டியைத் தானே பிரித்துச் சீர்செய்து 106 மைல் வேகத்தில் சுற்றினார். 1939இல் தெரசா வாலக். தடம் இருந்த காலம் முழுவதிலும் இந்த மூன்று பெண்கள்தாம். பிளென்கிரனும் வாலக்கும் சேர்ந்து 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து ஒரு பேந்தர் வண்டியில் சைடு காரும் அதன்பின்னால் டிரெய்லரும் கட்டிக்கொண்டு கிளம்பி, சகாரா பாலைவனத்தைக் கடந்து, அடுத்த ஜூலையில் கேப்டவுன் போய்ச் சேர்ந்தார்கள். சாலையே இல்லாத மணலில் டிரெய்லரோடு! கொல்லிமலையில் சறுக்கியதைச் சாகசமாகச் சொல்லித் திரிந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அந்த பிரூக்லண்ட்ஸிலும் சத்தப் பிரச்சினை இருந்திருக்கிறது. சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டதால் 1920களிலேயே பந்தய வண்டிகளுக்கும் சைலன்சர் கட்டாயமானது. 106 மைல் வேகத்தில் போன ஷில்லிங்கின் வண்டிக்கும் பின்னால் ஒரு தகரக் குடுவை இருந்திருக்கும்.

நான் அதைப் படித்தது பின்னால். அன்று சேலத்தில் நான் தேர்ந்தெடுத்தது சத்தமான ஜோடியைத்தான்.

ஏன் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆத்தூர் - சேலம் சாலையில் மரவள்ளிக் கிழங்கு லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே ஓட்டுகிறவள் நான். கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே வலப்பக்கம் ஒடித்த ஓட்டுநர்கள் எத்தனையோ பேர். சத்தம் இருந்தால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இது வண்டிக்காரர்கள் எல்லோரும் சொல்லும் நியாயம். முழுக்க உண்மையில்லை. குழாயின் சத்தம் பெரும்பாலும் பின்னால்தான் போகிறது. ஆபத்தோ முன்னாலிருந்து வருகிறது. முன்னால் போகும் லாரிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டிருந்தால் நம் குழாய் அவருக்குக் கேட்பதில்லை. ஹாரனும் ஒளிரும் ஜாக்கெட்டும் லாரியின் மறைவிலிருந்து விலகி ஓட்டுவதும் செய்யும் வேலையைக் குழாய் செய்யாது.

இன்னொரு காரணமும் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. மெதுவாகப் பேசு, மெதுவாகச் சிரி, கதவை மெதுவாகச் சாத்து, கொலுசு சத்தம் கேட்காமல் நட என்று வளர்க்கப்பட்டவள் நான். பொம்பளை சிரிச்சா போச்சு என்று பழமொழியே இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையில் சிரித்தே கொல்லும் பாவை ஒருத்தி இருந்ததாகச் சங்கப் பாட்டுக் காலத்திலிருந்து கதை சொல்கிறார்கள். சிரிக்கிற பெண்ணைப் பற்றிய பயம் அவ்வளவு பழையது. நாற்பது வயதில் கையைத் திருகினால் தெருவே அதிர்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

பதினோரு வாரம் அந்தக் குழாயோடு ஓட்டினேன். முதலில் பேசியவர் பக்கத்துத் தெரு ஸ்தபதி. தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் வெளியூர் ஆர்டர்கள் கூடி, அவர் பட்டறை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. வாகை மரத்தில் உளி வைத்துக் கொட்டாப்புளியால் தட்டும்போது ஓசையைக் காதால் கேட்டுத்தான் அடியின் வேகத்தை முடிவுசெய்வாராம். உள்ளே கணுவோ பொத்தலோ இருந்தால் சத்தம் மாறும். "டீச்சர், நீங்க போறப்ப மட்டும் கையை நிறுத்திக்கிறேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. சாமி ஊர்வலம் போகும்போது நிறுத்துவதைப்போல சொன்னார். எனக்கு என்னவோபோல் இருந்தது.

பிறகு ஒரு மாணவி. மல்லியகரைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவள். வகுப்பில் வாயே திறக்காதவள். கல்லூரி வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது நின்றிருந்தாள். "நீங்கதானா மேடம்?" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இந்தச் சத்தம் கேட்டா நாங்க ஸ்டாப்ல எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்குவோம். பசங்க வர்றாங்கன்னு."

எந்தப் பசங்க என்று நான் கேட்கவில்லை. தெரியும். மாலையில் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு மூன்று முறை நான்கு முறை சுற்றுகிற வண்டிகள். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதனால் புகாரும் கொடுக்கமுடியாது. சத்தம்தான் சொல்லும். அதைக் கேட்டதும் இந்தப் பிள்ளைகளின் கழுத்து தானாக மடிகிறது, என் பாட்டியின் கால் மடங்கியதைப்போல. நான் என் விடுதலை என்று திருகிக்கொண்டிருந்த சத்தம் அவளுக்கு எட்டியது அப்படித்தான். குழாயில் ஓட்டுகிறவரின் பெயர் எழுதியிருக்காது.

வேறு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். பெண்களே இந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்டால் அதன் பொருள் மாறாதா? ஒரு ஊரில் நூறு பெண்கள் இப்படி ஓட்டினால் மாறலாம். தம்மம்பட்டியில் நான் ஒருத்தி. நூறு பேர் வரும்வரைக்கும் அந்தப் பிள்ளை தினமும் தலைகுனியவேண்டும். அதைத் தவிர, பக்கவாதத்தில் படுத்திருக்கும் எதிர்வீட்டு அம்மாவுக்கு ஓட்டுகிறவர் ஆணா பெண்ணா என்பதில் என்ன இருக்கிறது?

சட்டமும் இருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் 80 டெசிபல் வரம்பு. சத்தம், புகை பற்றிய விதிகளை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம், உரிமமும் மூன்று மாதம் போகும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. "போலீஸ் நின்னா இந்தக் கட்டையை மாட்டிக்கங்க, மத்த நேரம் கழட்டி பாக்கெட்ல போட்டுக்கங்க" என்றுதான் சொன்னார்கள். அவர்கள் கட்டை என்றது டிபி கில்லர். குழாயின் வாயில் செருகும் குறுகலான உள்குழாய், ஒரே ஒரு திருகாணியில் நிற்கும்.

இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்கினேன். வாங்க நினைப்பவர்களுக்கு இது பயன்படும். சைலன்சர்கள் பொதுவாக இரண்டு விதம். ஒன்றில் உள்ளே அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும். புகை ஓர் அறையில் புகுந்து, திரும்பி, அடுத்த அறைக்குப் போய் வருவதற்குள் ஒலியலைகள் ஒன்றோடொன்று மோதித் தணிந்துவிடும். கம்பெனி சைலன்சர்கள் பெரும்பாலும் இப்படி, அதனால்தான் கனம். இன்னொன்றில் நேரான ஓட்டைக் குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கும். புகை நேராகப் போகும், சத்தத்தைப் பஞ்சு உறிஞ்சும். எடை குறைவு. ஆனால் பஞ்சு நாளாவட்டத்தில் கருகி இறுகும். வாங்கிய அன்று இருந்த சத்தம் இரண்டு வருடம் கழித்து இருக்காது, கூடியிருக்கும். பஞ்சை மாற்ற முடியாதபடி ரிவெட் அடித்த குழாயை வாங்காதீர்கள்.

சைலன்சர் மாற்றினால் பவர் கூடும் என்பார்கள். குழாயை மட்டும் மாற்றினால் கூடுவது சொற்பம். எடை குறைவதும் காது ஏமாறுவதும்தான் அதிகம். பெண்ட் பைப்பில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டரை அறுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார் ஒரு மெக்கானிக். புகையிலுள்ள நச்சை மாற்றும் பாகம் அது. பின்னால் வரும் ஸ்கூட்டியில் குழந்தையை நிறுத்திக்கொண்டு ஒரு பெண் வருவாளே. வேண்டாம் என்றேன்.

மூன்றாவது கேள்வியை யாருமே எழுப்பவில்லை. அது அம்மாவுடையது. ஆத்தூர் மருத்துவமனைக்கு அம்மாவை இந்த வண்டியில்தான் கூட்டிப்போகிறேன். எழுபது தாண்டியவள், சேலையில் இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் உட்காருவாள். மற்ற வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் மட்டும் இருப்பதால் அந்தப் பக்கம் பயமில்லை. இதில் இருபுறமும் குழாய். மேல்நோக்கித் தூக்கிய அழகான ஜோடி ஒன்று இருந்தது. அது அவளது குதிகால் உயரத்தில் நின்றது. பாலியஸ்டர் சேலை பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆக, தாழ்ந்து நேராகப் போகிற, வெப்பத் தகடு உள்ள, தடுப்பு அறைகள் கொண்ட ஜோடியை எடுத்தேன். பார்க்கக் கொஞ்சம் மொக்கைதான்.

மாட்டும் வேலையை வீட்டு வாசலிலேயே செய்தேன். முதல் ஜோடியை மாட்டியபோது பட்டறைத் தம்பி சேலை கார்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "ஸ்பேனர் போட எடைஞ்சலா இருக்குக்கா. நீங்கதானே ஓட்டப்போறீங்க, இது எதுக்கு?" என்றிருந்தான். அவன் கேட்டதில் தப்பில்லை. சேலை கார்டு உள்ள வண்டி பொம்பளை வண்டி, குடும்ப வண்டி என்று பையன்கள் வாங்கிய அன்றே கழற்றிவிடுகிறார்கள். நானும் பதினோரு வாரம் அதைத் திரும்ப மாட்டவில்லை. அம்மா அந்த நாட்களில் பஸ்ஸில் போய்வந்தாள். ஏன் வண்டி வேண்டாம் என்றாள் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

எஞ்சின் முழுக்க ஆறவேண்டும். இது முதல் பாடம், என் காலில் எழுதியிருக்கிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்திலுள்ள கிளாம்பில் துரு எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருந்தேன். கிளாம்பைத் தளர்த்தி, பின்பக்க ஃபுட்ரெஸ்ட் தாங்கியிலுள்ள போல்டைக் கழற்றி, சைலன்சரை இழுக்காமல் இடவலமாகத் திருகித் திருகி எடுக்கவேண்டும். ஸ்தபதி வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பழைய கேஸ்கட்டை மறுபடி போடக்கூடாது. நசுங்கிய கேஸ்கட் காற்றை உள்ளே விடும், ஆக்சிலரேட்டரை விட்டதும் அந்தப் பழைய பட் பட் திரும்ப வரும். புதுக் குழாயை நுழைத்து, எல்லாப் போல்டையும் விரலால் மட்டும் முடுக்கி, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். இடது கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கோணலைக் கண்டுபிடித்தவர் ஸ்தபதி. அந்தக் கண்ணுக்கு நூலளவு தெரிகிறது. அதன்பிறகுதான் இறுக்கவேண்டும், முதலில் தாங்கி, அப்புறம் கிளாம்ப்.

டிபி கில்லரின் திருகாணித் தலையில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிட்டேன். இனி அது யார் பாக்கெட்டுக்கும் போகாது.

ஸ்டார்ட் செய்வதற்குமுன் குழாய் முழுவதையும் தின்னர் நனைத்த துணியால் துடைக்கவேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். கையிலுள்ள எண்ணெய் படிந்திருந்தால் முதல் சூட்டிலேயே விரல் ரேகை எஃகில் சுட்டுப் பதிந்துவிடும், பிறகு போகாது. துடைத்தேன். அடிப்பக்கத்தை மறந்திருக்கிறேன். இடது குழாயின் அடியில் என் நான்கு விரல்கள் பழுப்பு நிறத்தில் இருக்கின்றன. குனிந்து பார்த்தால் தெரியும்.

சேலை கார்டை மாட்டியதும் அம்மா வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். கம்பியை ஆட்டிப் பார்த்தாள். "புதன்கிழமை சுகர் டெஸ்டு இருக்குல்ல" என்றாள்.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் கிளாம்பை ஒருமுறை மறுபடி முடுக்கவேண்டும், சூட்டில் விரிந்து சுருங்கித் தளர்ந்திருக்கும். ஆத்தூர் போய்த் திரும்பி, மறுநாள் கல்லூரிக்குப் போய்வந்ததில் கணக்குத் தாண்டியிருந்தது. சாயந்தரம் ஆறியதும் கால்சுற்று முடுக்கினேன்.